நடைபாலத்தின் நாலாவது வரி

கிரிக்கெட்டில் நம்மவர்கள் முதல்முதலாக உலகக் கோப்பை வாங்கிவிட்டார்கள் என்று டீக்கடை ரேடியோவில் சொன்னார்களே, அந்த வருஷம். கல்பாக்கத்தில் அணு உலை ஓட ஆரம்பித்ததும் அதே வருஷம்தான். மெட்ராஸில் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் ஜனங்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு லாரிக்குப் பின்னால் ஓடினார்கள். எண்பத்து மூன்று என்று என் மருமகள் செல்வி கணக்குப் போட்டுச் சொல்கிறாள். எனக்கு நம்பர் தேவையில்லை, இந்த மூன்றும் போதும். அந்த வருஷம்தான் மாமல்லபுரத்துக்குத் தெற்கே, பக்கிங்காம் கால்வாயின் குறுக்கே, நடந்து போக மட்டும் ஒரு பாலம் கட்டினோம். கட்டினோம் என்றால் எங்கள் கையால் கட்டினோம்.

இந்த இன்டர்நெட் பக்கம் செல்வியுடையது. அவள் போய்வந்த ஊர்களைப் பற்றி இதில் எழுதுவாள். நான் எழுதப் படிக்கத் தெரியாதவன். நான் சொல்லச் சொல்ல அவள் தட்டுகிறாள். "நேரம், டிக்கெட்டு, தூரம் மூணையும் வுட்டுடாத மாமா, படிக்கிறவங்க அதுக்குத்தான் வர்றாங்க" என்றாள். விடவில்லை.

போன பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தேவகி போன் செய்தாள். மாமல்லபுரம் மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். எங்கள் பழைய ஊர்க்காரி, முருகேசன் மகள். "பெரிப்பா, நம்ம பாலத்த இடிக்க மெசின் வந்துகீது. கெழக்கு பக்கம் பாதி போயிடுச்சு. நாளைக்கு மேக்கு பக்கம் ஒடைக்கறாங்களாம். வரணும்னா காலைலயே வந்துடு" என்றாள்.

வரணும்னா என்று அவள் சொன்னதற்குக் காரணம் உண்டு. அந்தப் பாலத்தின் மேற்குக் கரைச் சுவரில், உட்கார்ந்தால் முகத்துக்கு நேராக வரும் உயரத்தில், சிமெண்ட் காய்வதற்கு முன் ஆணியால் கீறிய பெயர்கள் இருக்கின்றன. மொத்தம் பதினோரு வரி. அதில் நாலாவது வரி என் தம்பி ஏழுமலை. பாலத்துக்குக் கால் இறக்கும்போது செத்துப்போனவன். பத்தொன்பது வயது. கல்யாணம் ஆகவில்லை. போட்டோ எடுத்ததில்லை. அவன் பெயர் போட்ட ஒரு காகிதம்கூட எங்களிடம் கிடையாது. அவன் என்று ஒருவன் இருந்தான் என்பதற்கு இந்த உலகத்தில் இருந்தது அந்த ஒரு வரிதான். அதை வெட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட வேண்டும் என்றுதான் கிளம்பினேன்.

நான் இப்போது இருப்பது படாளத்தில், மகன் வீட்டில். அவன் சிறுசேரியில் கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிறான். புதன்கிழமை காலை 6.10க்குப் படாளம் கூட்ரோட்டில் நின்றேன். 6.25க்கு மதுராந்தகம் பக்கமிருந்து பஸ் வந்தது. செங்கல்பட்டுக்கு டிக்கெட் பதினைந்து ரூபாய். எனக்குப் பஸ் பலகை படிக்க வராது, கண்டக்டர் கத்துவதைக் கேட்டுத்தான் ஏறுவேன். கத்தாத கண்டக்டர் பஸ்ஸில் ஏறிப் பலமுறை வேறு ஊருக்குப் போயிருக்கிறேன்.

வழியில் பாலாறு. பெரிய பாலம், கீழே மணல்தான். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் நன்றாகத் தெரியும், ஆனால் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது 7.05. டீ பன்னிரண்டு ரூபாய், தொட்டுக்கொள்ளப் பொறை ஐந்து ரூபாய். 7.30க்கு மாமல்லபுரம் பஸ். முப்பது கிலோமீட்டர், டிக்கெட் இருபத்தெட்டு ரூபாய். திருக்கழுக்குன்றத்தில் பத்து நிமிஷம் நிறுத்தினார்கள். மலை பார்க்க வேண்டும் என்கிறவர்கள் இங்கே இறங்கி, அடுத்த பஸ்ஸில் ஏறிக்கொள்ளலாம். அரை மணிக்கு ஒரு பஸ் இருக்கிறது.

பஸ்ஸில் போகிற நேரத்தில் பாலத்தின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

கால்வாய்க்கு மேற்கே நாங்கள் பதினோரு வீடு. கிழக்கே மீனவர்கள், அதற்கப்பால் கடல். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மார்க்கெட், பஸ் எல்லாம் அந்தக் கரையில். வெட்டிய கால்வாய்தான், ஆனால் நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். கடல் ஓதம் ஏறினால் கழுத்து வரைக்கும் உப்புத் தண்ணீர், வற்றினால் இடுப்பளவு சேறு. துணியை அவிழ்த்துத் தலையில் கட்டிக்கொண்டு கடப்போம். பெண்கள் இருட்டுவதற்கு முன் வந்துவிட வேண்டும், இல்லையென்றால் அந்தக் கரையிலேயே யார் வீட்டிலாவது படுக்க வேண்டும். வேதகிரி என்று ஒருத்தர். அவர் பெண்டாட்டிக்குப் பிரசவ வலி எடுத்து, கட்டிலோடு தூக்கிக்கொண்டு போனோம். நடு ஆற்றில் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் கரை ஏறவில்லை.

அதற்கப்புறம்தான் மனு கொடுத்தோம். ஒரு அதிகாரி வந்து பார்த்தார். நல்ல மனுஷர். சிமெண்ட்டும் கம்பியும் ஒரு மேஸ்திரியும் நாங்கள் தருகிறோம், ஆள் நீங்கள் போட வேண்டும் என்றார். வீட்டுக்கு ஒரு ஆள் என்று முடிவாயிற்று. ஏரி வேலை, கோயில் வேலை எல்லாவற்றுக்கும் எங்களிடம் அதுதான் வழக்கம். யாருக்கும் கூலி கிடையாது. வீட்டுத் தலைவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். அந்த வீட்டிலிருந்து அப்பன் வந்தாலும், மகன் வந்தாலும், தம்பி வந்தாலும், அந்தப் பெயருக்கு "வந்தாச்சு" என்று குரல் கொடுக்க வேண்டும். எங்களில் பத்தாவது வரை படித்தவன் தாண்டவராயன் ஒருத்தன்தான். அவன் நோட்டைப் பார்த்துக் கூப்பிடுவான். எங்கள் அப்பா அப்போதே இல்லை. வீட்டுக்கு மூத்தவன் நான்.

கால் இறக்குவது எப்படி என்றால், சிமெண்ட் உறையை, கிணற்று உறை மாதிரி, ஆற்றில் நிறுத்துவார்கள். ஒருவன் உள்ளே இறங்கிச் சேற்றை வெட்டிக் கூடையில் ஏற்ற ஏற்ற, உறை தன் பாரத்தில் கீழே இறங்கும். மேலே அடுத்த உறையை வைப்பார்கள். அமாவாசையன்று தண்ணீர் மற்ற நாளைவிட அதிகமாக வற்றும் என்பதால் அன்றைக்குத்தான் ஆழமாக வெட்டுவோம். அன்றைக்கே ஓதமும் அதிகமாக, சீக்கிரமாக ஏறும்.

ஆனி அமாவாசை. ரேடியோவில் கோப்பைச் செய்தி கேட்டுப் பதினைந்து நாள் இருக்கும். அன்று மாமல்லபுரத்தில் வெள்ளைக்காரர்கள் தங்குவதற்கு ஒரு லாட்ஜ் கட்டுகிற இடத்தில் ஆள் எடுத்தார்கள். நல்ல கூலி. நான் அங்கே போய்விட்டு, பாலத்துக்குத் தம்பியை அனுப்பினேன். "நீ போ, நான் ஒரு நாள் சம்பாரிச்சுகினு வரேன்" என்றேன். அவன் "எனக்கும் ஒரு பொட்டலம் காராசேவு வாங்கினு வா" என்றான். மத்தியானம் உறைக்கு அடியில் சேறு பிடுங்கிக்கொண்டு தண்ணீர் உள்ளே வந்துவிட்டது, உறை சாய்ந்துவிட்டது. மேலே இருந்தவர்களுக்குக் கயிறு போட நேரம் இல்லை. நான் வரும்போது ஓதம் முழுசாக ஏறியிருந்தது. மறுநாள் வற்றிய பிறகுதான் எடுத்தோம்.

நாற்பது நாள் வேலை நின்றது. அப்புறம் முடித்தோம். திறப்பு விழாவுக்குக் கல் வைத்தார்கள், அதில் பெரிய மனுஷர்கள் பெயர். எங்கள் பெயர் வேண்டும் என்று நாங்கள்தான் தாண்டவராயனிடம் சொன்னோம். அவன் மேற்குக் கரைச் சுவரில் ஆணியால் கீறினான். நான் பக்கத்தில் நின்றேன். "கன்னியப்பா, நாலாவது வரி உங்க வூடு" என்றான். நான் அந்த இடத்தில் கை வைத்தேன். இன்னும் ஈரமாக இருந்தது. என் தம்பி பெயரைத்தான் எழுதியிருக்கிறான் என்று நினைத்தேன். எங்கள் வீட்டிலிருந்து செத்தது அவன்தானே, வேறு யார் பெயரை எழுதுவான்?

நான் எட்டு வைத்து நடந்தால் தொண்ணூற்றாறு எட்டு நீளம் அந்தப் பாலம். தலைச்சுமையோடு ஒருத்தர் வந்தால் எதிரில் வருகிறவர் ஒருக்களித்து நிற்க வேண்டும், அவ்வளவுதான் அகலம். சுமைக்காரர் நிற்கக் கூடாது, வெறுங்கையோடு வருகிறவர்தான் நிற்க வேண்டும் என்பது எழுதாத சட்டம். பிள்ளைகள் அதில் நடந்து பள்ளிக்கூடம் போனார்கள். தேவகி எட்டாவது வரை படித்தது அந்தப் பாலத்தால்தான். சுனாமி அன்று கிழக்குக் கரை ஜனங்கள் அதில்தான் எங்கள் பக்கம் ஓடிவந்தார்கள். தண்ணீர் கால்வாய் வழியாகவும் ஏறியது. பாலம் அசையவில்லை. என் தம்பி பிடித்துக்கொண்டான் என்று அன்று எல்லாரிடமும் சொன்னேன். ஒவ்வொரு ஆனி அமாவாசைக்கும் நாலாவது வரியில் சாமந்திப் பூ வைத்து, சூடம் கொளுத்தி, ஒரு பொட்டலம் காராசேவு வைப்பேன். ஊரை மனை போட்டு விற்று, நாங்கள் சிதறிப் போன பிறகும் பஸ் ஏறி வந்து வைத்தேன். ஒரு வருஷம் விட்டதில்லை.

சரி, பஸ் 8.45க்கு மாமல்லபுரம் வந்துவிட்டது. இங்கே ஒரு தப்பு செய்தேன், நீங்கள் செய்யாதீர்கள். மேற்குக் கரைக்குப் போகிறவர்கள் பஸ் கால்வாயைத் தாண்டுவதற்கு முன்பே இறங்கிவிட வேண்டும். நான் தேவகி சொன்னதையும் மறந்து, பழைய ஞாபகத்தில் ஊருக்குள் வந்து இறங்கி, பாலத்தில் நடந்து போய்க்கொள்ளலாம் என்று ஆட்டோ பிடித்தேன். நாலு கிலோமீட்டர், எண்பது ரூபாய். டிரைவர் ஒரு பாய், நாற்பது வயது இருக்கும்.

"எங்க போணும் பெரியவரே?"

"நடைபாலம்."

"அதத்தான் இடிச்சுகினு கீறாங்களே. அங்க இன்னா கீது பாக்க? கடற்கரைக் கோயிலுக்கு வா, சொகமா காத்து வாங்கிட்டு வரலாம்."

"என் தம்பி அங்க கீறான்."

"இடிக்கிற வேலைலயா?"

"கட்டுற வேலைல."

பாய் கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்தார். அப்புறம் வண்டியைக் கிளப்பினார்.

போய்ப் பார்த்தால் கிழக்குப் பக்கம் பாலமே இல்லை. இரண்டு கால்கள் மட்டும் தண்ணீரில் நிற்கின்றன, ஒன்றின் மேல் கூழைக்கடா உட்கார்ந்திருக்கிறது. எதிர்க்கரையில் மஞ்சள் மெஷின். கூப்பிட்டால் கேட்கிற தூரம். ஆனால் போக வழி இல்லை. கார் போகிற புதுப் பாலம் வழியாகச் சுற்ற வேண்டும் என்றார் பாய். ஆறரை கிலோமீட்டர், இன்னும் நூற்றைம்பது ரூபாய். தொண்ணூற்றாறு எட்டு கடக்க ஆறரை கிலோமீட்டர் போனேன். பாலம் கட்டுவதற்கு முன்னால்கூட நான் இவ்வளவு சுற்றியதில்லை.

9.40க்கு மேற்குக் கரை. தேவகி மீன் கூடையை யாரிடமோ விட்டுவிட்டு எனக்கு முன்பே வந்து நின்றாள். கரைச் சுவர் அப்படியே இருந்தது. எனக்கு உயிர் வந்தது. வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த சூப்பர்வைசர் பார்க்கச் சின்னப் பையனைப் போலத்தான் இருந்தான், முப்பது வயது இருக்கும், பெயர் பிரபு. விஷயத்தைச் சொன்னேன். முழுசாகக் கேட்டான். அதை நான் மறக்க மாட்டேன்.

"பெரியவரே, உள்ள கம்பி நெறைய கீது. சொவர் முழுக்க எடுக்க முடியாது, நொறுங்கிடும். கட்டர் வெச்சு ரெண்டடி அகலம், அரை அடி ஒசரம், ஒரே ஒரு வரி எடுத்துத் தரேன். வெயிட்டு முப்பது கிலோ வரும். எப்படி தூக்கினு போவ?"

"மகன் சாயங்காலம் வேன்ல வருவான்."

"சரி, எந்த வரி?"

"நாலாவது. என் தம்பி பேரு."

அவன் குனிந்து கையால் தூசியைத் தட்டினான். விரலை வைத்துப் படித்தான். "கன்னியப்பன். இதான?"

"இல்லப்பா. நாலாவது வரி பாரு."

"நாலாவதுதான் பாக்கறேன். ஒண்ணு தாண்டவராயன். ரெண்டு சின்னக்கண்ணு. மூணு வேதகிரி. நாலு கன்னியப்பன்."

"ஏழுமலைன்னு இருக்கும். மேலருந்து நல்லா எண்ணிப் பாரு."

அவன் கடைசி வரைக்கும் படித்தான். ஒவ்வொரு பெயரும் எனக்குத் தெரிந்த பெயர். பதினொன்று முடிந்தது. "ஏழுமலைன்னு யாரும் இல்லியே. யாரு இந்தக் கன்னியப்பன்?"

தேவகி அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். "வாய மூடுப்பா. இவருதான்."

நான் அவளைத்தான் பார்த்தேன். அவள் முகத்தில் ஆச்சரியம் இல்லை.

"ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும் பெரிப்பா. ஸ்கூலுக்குப் போவ சொல்லவே படிச்சேன். அப்பாகிட்ட கேட்டேன். 'தாண்டவராயன் நோட்டுல இருந்தத அப்படியே எழுதிட்டான், நீ ஒண்ணும் கேக்காத'ன்னாரு."

"இன்னாத்துக்கு எங்கிட்ட சொல்லல?"

"நீ பூவ வெச்சுகினு அழுதுகினு இருப்ப. உன் கிட்ட வந்து அது உன் பேருன்னு எப்படி சொல்றது? படிக்கத் தெரிஞ்ச எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் அப்பிடியேதான் வுட்டாங்க."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. அன்று காலையிலும் தாண்டவராயன் நோட்டைப் பார்த்துக் கன்னியப்பன் என்றுதான் கூப்பிட்டிருப்பான். ஏழுமலை "வந்தாச்சு" என்று சொல்லிவிட்டு உறைக்குள் இறங்கியிருப்பான். தாண்டவராயன் மேல் தப்பு இல்லை. நாலாவது வரி உங்கள் வீடு என்றான், அது உண்மைதான். யார் வந்தாலும் வீட்டுக்கு ஒரு பெயர்தான் என்கிற வழக்கத்தை நானும் சேர்ந்துதான் வைத்திருந்தேன். நாற்பத்திரண்டு ஆனி அமாவாசை. அத்தனைக்கும் நான் எனக்கே பூ வைத்து, எனக்கே சூடம் கொளுத்தியிருக்கிறேன். அவனுக்கு ஒரு பூகூட வைக்கவில்லை.

பிரபு கொஞ்ச நேரம் ஹெல்மெட்டைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தான். வெட்ட வேண்டிய இடத்தைக் குறிக்க அவனிடம் ஒரு சாக்பீஸ் இருந்தது. "பெரியவரே, தம்பி பேர இதுங்கீழ எழுதட்டா? போட்டோ புடிச்சுத் தரேன், போன்ல இருக்கும்."

"வேணாம்பா. இடிக்கப்போற சொவத்துல எழுதி இன்னா பண்றது."

"அப்ப இந்த வரிய வெட்டவா? உங்க பேருதான. ஞாபகத்துக்கு வெச்சுக்கலாம்."

என் பெயரை நானே வேனில் ஏற்றிக்கொண்டு போய் வீட்டில் எங்கே வைப்பது? வேண்டாம் என்று தலையாட்டினேன். தேவகி என் கையைப் பிடிக்க வந்தாள், நான் கொடுக்கவில்லை. அது தப்புதான். அவள் என்ன செய்வாள், பத்து வயதில் படித்ததை ஐம்பது வயது வரை வயிற்றில் வைத்துக்கொண்டிருந்தாள்.

11.20க்கு மெஷின் சுவரில் மூக்கை வைத்தது. நல்ல வேலைதான் செய்திருக்கிறோம், சீக்கிரம் உடையவில்லை. பெயர் இருந்த இடம் முதல் பத்து நிமிஷத்திலேயே போய்விட்டது, மீதிச் சுவருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கல்லை எல்லாம் பக்கத்து மனையில் பள்ளம் நிரப்பக் கொட்டினார்கள். வாங்கி வந்த காராசேவு பையிலேயே இருந்தது. ஆற்றில் போடலாம் என்று நினைத்தேன். எந்த இடத்தில் போடுவது என்று தெரியவில்லை. அவன் இறங்கின கால் கிழக்கிலிருந்து இரண்டாவது. அதை முந்தைய நாளே எடுத்துவிட்டார்கள் என்றான் பிரபு.

மகனுக்கு வர வேண்டாம் என்று போன் செய்துவிட்டு, மெயின் ரோடு வரை இரண்டு கிலோமீட்டர் நடந்தேன். 1.15க்கு பஸ், 2.30க்கு செங்கல்பட்டு. கொளவாய் ஏரிக்கரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். 3.40க்குப் படாளம் பஸ். பஸ், ஆட்டோ எல்லாம் சேர்த்து முந்நூற்றுப் பதினாறு ரூபாய்.

போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது. பாலம் இப்போது இல்லை, அதைப் பார்க்க என்று யாரும் போக வேண்டாம். கால்வாய்க் கரை மட்டும் பார்க்க வேண்டுமென்றால் காலை ஒன்பதுக்குள் போய்விடுங்கள். நிழல் கிடையாது, குடிக்கத் தண்ணீர் கிடையாது. அமாவாசை, பௌர்ணமியில் தண்ணீர் வற்றியிருக்கிறதே என்று கால்வாயில் இறங்காதீர்கள், திரும்பி ஏறும் வேகம் உங்களுக்குத் தெரியாது. பழைய பாலமோ கிணறோ மண்டபமோ எங்கே பார்த்தாலும் அதில் பெயர் கீறியிருந்தால் சத்தமாகப் படியுங்கள். பக்கத்தில் என்னை மாதிரி ஒருத்தன் நின்றால் அவனுக்கும் கேட்கட்டும். அவன் அழுவானே என்று பார்க்காதீர்கள்.

செல்வி, இதை மட்டும் தனியாகத் தட்டு. ஏழுமலை. ஆனி அமாவாசையன்று உறைக்குள் செத்தவன். பத்தொன்பது வயது.

மற்றபடி அந்தச் சுவரில் இருந்த வரிசை இது. பிரபு படித்ததை ஒருமுறை கேட்டேன், மறக்காது. தாண்டவராயன் மஞ்சள் காமாலையில் போனான். சின்னக்கண்ணு திருக்கழுக்குன்றத்தில் லாரியில் அடிபட்டார். வேதகிரி, பெண்டாட்டி போன பிறகு வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை, கிழவனாகித்தான் செத்தார். ஐந்தாவது முருகேசன், தேவகியின் அப்பா, சுனாமிக்கு மறுவருஷம். ஆறுமுகம், குப்பன், தேசிங்கு, மூன்று பேரும் ஒன்றுபோல நெஞ்சுவலி. மண்ணாங்கட்டி மனை விற்ற பணத்தைக் குடித்தே செத்தான். லோகநாதன் கொரோனாவில், முகத்தைக்கூடப் பார்க்க விடவில்லை. எத்திராஜி போன தை மாதம்.

நாலாவது வரி கன்னியப்பன். பதினோரு பேரில் உயிரோடு இருப்பது அவன் ஒருவன்தான்.